நிலா ஆய்வைக் கருத்தரங்கில் வைத்தவர்கள், மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

மார்த்தாண்டம் மாணவி:
பி.எஸ்சி. இயற்பியல், கடைசி வருஷம். சந்திரயான்-2இன் ஓஎச்ஆர்சி கேமரா எடுத்த நிலாப் படங்களில் பள்ளங்களை எண்ணி, அந்தத் தரையின் வயதைக் கணிப்பதுதான் புராஜெக்ட். பள்ளம் அதிகமானால் தரை பழசு. போஸ்டரை பிவிசி குழாயில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, களியக்காவிளையில் பஸ் மாறித் திருவனந்தபுரம் போனேன். மதியம் ஒரு வயதான அம்மா வந்தார். என் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. "வெயில் எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குது மோளே?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பின்னைக் கழற்றி, போஸ்டரைத் தலைகீழாகப் பிடித்தார். ராத்திரி ராத்திரியாக எண்ணிய பள்ளமெல்லாம் கொப்புளம் மாதிரி மேடாகிவிட்டது! சூரியன் உச்சியில் இருந்தால் சின்னப் பள்ளங்களின் நிழல் போய்விடும், எண்ணிக்கை குறையும், தரை உண்மையைவிட இளசாகத் தெரியும். இதை நான் யோசிக்கவே இல்லை.

பொள்ளாச்சிக்காரி:
நான் பாலக்காட்டுக்குக் கல்லோடு போனேன். நாமக்கல் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் என்ற வெளிர் நிறப் பாறை. நிலா மேட்டு நிலத்துப் பாறையும் இந்த வகைதான். இதை அரைத்துத்தான் இஸ்ரோ சோதனைக்குச் செயற்கை நிலா மண் செய்தது. நடுவர், "நிலாவுக்குப் போய் எடுத்து வந்தீங்களா?" என்றார். அறையே சிரித்தது. அப்புறம் ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து, "ஒன்னு தொட்டோட்டே சேச்சி?" என்றான். வெள்ளைப் படிகங்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றான். திருப்பித் தர மனசே வரவில்லை அவனுக்கு. கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

திருத்தணி:
மார்த்தாண்டம் தங்கச்சி, தப்பு உங்கள் கைடு மேல். வெயில் கோணம் பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? நான் திருப்பதியில் இரண்டு மணி நேரம் நின்றேன். கடைசியாக வந்தவர் தெலுங்கில் கேட்டார், நான் திணறினேன், போய்விட்டார். அவ்வளவுதான். இனிப் போகிறவர்கள் கேளுங்கள். இஸ்ரோவின் பிரதான் இணையதளத்தில் படத்தோடு எக்ஸ்எம்எல் என்ற விவரக் கோப்பும் வரும், சூரியனின் திசையும் உயரமும் அதில் இருக்கும். படத்தின் ஓரத்தில் அம்புக்குறி போட்டு வெயிலின் திசையைக் காட்டுங்கள். அளவுகோல் இல்லாமல் படம் ஒட்டாதீர்கள். ஓஎச்ஆர்சி படத்தில் ஒரு பிக்சல் என்பது நிலாத் தரையில் 25 செ.மீ.தான், பார்க்கிறவருக்கு அது கிலோமீட்டராகத் தோன்றும். சின்னச் சின்னப் பள்ளங்களை மட்டும் எண்ணிவிட்டு வயது சொல்லாதீர்கள், பெரிய பள்ளத்திலிருந்து தெறித்த கல் விழுந்த குழிகளும் அதில் கலந்திருக்கும். தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றிலும் இரண்டிரண்டு வரி மனப்பாடம் பண்ணுங்கள். முதல் கேள்விக்குத் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மாணவி:
அண்ணா, கைடைச் சொல்லாதீங்க. ஊருக்குப் போகாமல் ஓணம் லீவில் என்னோடு உட்கார்ந்து எண்ணியவர் அவர். கோப்பு என்னிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது, திறக்காதது நான்தான். நேற்று திறந்தேன். வெயில் தாழ்ந்திருக்கும் இன்னொரு படத்தையும் இறக்கி, மேல் மூலையிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்திருக்கிறேன். அந்த அம்மாவின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.