முதல்முறை வெளிநாட்டு மாநாட்டில் பேசப் போகிறேன், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கொண்டலாம்பட்டி பைபாஸ்:
வணக்கம். சேலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் டெவலப்பர். பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற திறந்த மூல மென்பொருள் மாநாட்டுக்கு ஓர் உரை எழுதி அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள், 20 நிமிடம். செய்தி வந்த அன்று துள்ளிக் குதித்தேன், இப்போது ராத்திரி தூக்கம் வருவதில்லை. பன்னிரண்டாவது வரை தமிழ்வழி, ஆங்கிலத்தில் எழுதிவிடுவேன், எழுந்து நின்று பேசியதே இல்லை. டிக்கெட், தங்கல் எல்லாம் கைக்காசு. எல்லாம் நேரலையில் வருமாமே, இங்கேயே உட்கார்ந்து பார்த்தால் ஆகாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

தட்டுவடை செட்:
வாழ்த்துகள் தம்பி. நான் கேட்கப் போனவன்தான், பேசவில்லை. முதலில் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அழைப்புக் கடிதத்தை மறந்துவிட்டு விசாவுக்காக ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போய்த் திரும்பினேன், அந்த இரண்டு ராத்திரி இன்னும் முதுகில் இருக்கிறது. மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை, அந்த மட்டும் மிச்சம்.

ஏற்காட்டு மிளகு:
கணினி தமிழ் எழுத்துகளை எப்படிக் கையாள்கிறது என்று அங்கே ஒருமுறை பேசியிருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் பக்கம் போய் கைப்பேசியில் நேரம் வைத்துப் பேசிப் பழகினேன். 20 நிமிட உரை 28 நிமிடம் ஓடியது, கடைசிவரை கேட்டது ஒரு குரங்குதான். அங்கே போனதும் பயத்தில் வேகமெடுத்து, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் விதிகளை வரிசையாக ஒப்பித்தேன். பாதிப் பேர் மடிக்கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அப்புறம்தான் 'சேலம்' வந்தது. இது எங்கள் ஊர், நாங்கள் எண்ணினால் 3 எழுத்து, பைத்தான் நிரல்மொழியைக் கேட்டால் கொம்பையும் புள்ளியையும் தனியாக எண்ணி 5, கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட், ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழி மட்டும் நம்மோடு சேர்ந்து 3 என்கிறது என்றேன். அதே சொல்லைப் பைத்தானில் திருப்பிப் போட்டதும் புள்ளி தனியாக முன்னால் வந்து நிற்க, ச-வின் கொம்பு ல-வுக்குத் தாவி, 'மலேச' என்று திரையில் விழுந்தது. தலைகள் நிமிர்ந்தன. முதலிலேயே இதைப் போடாமல் எதற்கு அந்த விதிகளைக் கட்டி அழுதேன் என்று இன்றும் எரிச்சல்தான்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள், அங்கே வருபவர்களில் நிறையப் பேருக்கு அது நம்மைப் போல இரண்டாவது மொழிதான். ஒருவர் கேட்ட கேள்வி மூன்று முறை சொல்லியும் எனக்குப் புரியவில்லை. தட்டச்சு செய்யச் சொன்னேன், மனிதர் எழுந்து வந்து என் மடிக்கணினியிலேயே அடித்தார், யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் சொல்வதும் பாதி சரி, உரைகளெல்லாம் வீடியோவாக வந்துவிடும். ஆனால் நான் வெளியே வந்ததும் கம்போடியாவின் கெமர் மொழிக்கு வேலை செய்யும் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர்கள் சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதுவதில்லை, வரியை எங்கே உடைப்பது என்பதே அவருக்குத் தலைவலி. நம் கோளாறுக்கு அண்ணன் கோளாறு. தாழ்வாரத்தில் நின்றே ஒரு மணி நேரம் போனது, அடுத்து கேட்க நினைத்த உரைக்குப் போனால் அறை நிரம்பிவிட்டது என்று கதவிலேயே தாள் தொங்கியது. வருத்தமே இல்லை.

கொண்டலாம்பட்டி பைபாஸ்:
நன்றி அக்கா. என்னுடையது நெட் இல்லாமலும் ஓடும் செயலி பற்றியது. ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எடைமேடைக்குச் செய்தது. நெட் திரும்பி வந்தபோது ஒரே லாரிக் கிழங்குக்கு இரண்டு எடை விழுந்து பெரிய சண்டையாகிவிட்டது. இப்போதைக்கு அது கடைசி ஸ்லைடில் இருக்கிறது.

ஏற்காட்டு மிளகு:
அந்தச் சண்டையை முதல் ஸ்லைடுக்குக் கொண்டு வாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். ஜவ்வரிசி என்றால் முழிப்பார்கள், பபிள் டீயில் போடும் உருண்டை மாதிரி என்று சொல்லுங்கள். ஒரு பாக்கெட் கையோடு எடுத்துப் போங்கள். பெட்டியில் இடமிருந்தால் தட்டுவடையும்.

தட்டுவடை செட்:
தட்டுவடை வேண்டாம், போய்ச் சேர்வதற்குள் தூளாகிவிடும். அனுபவம்.