குள்ளமான அம்மாவுக்குப் பொருந்துகிற பேபி கேரியர் எது?

காரைக்குடி_புதுஅம்மா:

என் உயரம் 4 அடி 10 அங்குலம். தொப்புளுக்கு நேரே சுற்றளவு 26 அங்குலம், தோள் குறுகல். மகளுக்கு ஐந்து மாதம் முடிகிறது, எடை 6.7 கிலோ. கழுத்து நன்றாக நின்றுவிட்டது, இன்னும் தானாக உட்காரவில்லை. சிசேரியன் பிரசவம்.

சிங்கப்பூரிலிருந்து வந்த பக்கிள் கேரியர் ஒன்று வீட்டில் இருக்கிறது. தோள் வாரை முழுக்க இழுத்தாலும் குழந்தை உடம்போடு ஒட்டாமல் விலகித் தொங்குகிறாள். பேனல் (அவள் முதுகைத் தாங்கும் துணிப் பகுதி) அவள் கண் வரை ஏறி நிற்கிறது. பெல்ட்டை மேலே கட்டினால் உட்காரும்போது விலாவில் குத்துகிறது, கீழே கட்டினால் தையலில் உரசுகிறது. அரை மணி நேரத்தில் கீழ் முதுகு பிடித்துக்கொள்கிறது.

இதையே சரிசெய்ய முடியுமா, வேறு வாங்கத்தான் வேண்டுமா? அத்தை, கண்டாங்கிச் சேலையில் கட்டிக்கொள்ளலாமே என்கிறார். அதை வெட்டி ரிங் ஸ்லிங் (இரண்டு வளையத்தில் துணியைக் கோத்து ஒரு தோளில் மாட்டுவது) தைக்கலாமா? அடுத்த மாதம் குன்றக்குடி மலையேற வேண்டும், வெயிலையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.


வளவு_வாசல்:

பேனல் கண் வரை இருக்கும்போது அவளை அதில் தூக்காதீர்கள். துணி மூக்கை மூடும். அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றது.

உங்கள் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் பேனலின் உயரம். தோள் வார் பேனலின் மேல்முனையிலிருந்துதான் கிளம்புகிறது. நீளமான உடம்புக்காரருக்கு அந்த முனையிலிருந்து தோளுக்கு நல்ல இடைவெளி இருக்கும், வாரை இழுக்க இழுக்க இறுகும். உங்களுக்குப் பேனலே தோள் வரை வந்துவிடுகிறது. பிறகு வார் எதை இழுக்கும்? அதனால்தான் முழுக்க இழுத்தும் தளர்வு போகவில்லை. குழந்தை விலகித் தொங்கினால் அந்த 6.7 கிலோவையும் முன்னால் நீட்டிப் பிடிப்பதாகிறது, அதைச் சமன் செய்ய நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள். கீழ் முதுகு பிடிப்பது அதனால்.

செய்ய வேண்டியது பேனலைக் குட்டையாக்குவது. பெல்ட்டைப் பூட்டும் முன் அதை உடம்பை நோக்கி உள்பக்கமாக ஒரு சுருட்டு சுருட்டுங்கள். பேனலின் அடிப்பகுதி பெல்ட்டைச் சுற்றிக்கொள்ளும். பெல்ட் அகலத்தைப் பொறுத்து 2 முதல் 4 அங்குலம் குறையும். அதே அளவுக்குப் பேனலின் மேல்முனையும் இறங்குவதால் வாருக்கு இழுக்க இடம் கிடைக்கும். இரண்டு கவனம்: பக்கிளும் வாரும் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக வர வேண்டும். உங்கள் கேரியரின் கையேடு சுருட்டக் கூடாது என்று சொல்லியிருந்தால் செய்யாதீர்கள்.

பெல்ட்டின் இடம் தொப்புளுக்குச் சற்று மேல், விலா தொடங்கும் முன் உள்ள மெத்தென்ற பகுதி. தையலுக்கும் அதற்கும் நல்ல தூரம் இருக்கும். முன்புறம் சரியாமல் சுற்றிலும் ஒரே மட்டமாக, இரண்டு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தில் பூட்டுங்கள். பக்கிள் முனையை எலாஸ்டிக் வளையத்துக்குள் விட மறக்காதீர்கள், பக்கிள் தவறினாலும் அது தாங்கும். சேலை மேல் கட்டினால் கொசுவத்தோடு சேர்ந்து பெல்ட் இறங்கிக்கொண்டே இருக்கும். சுடிதாரில் பழகிவிட்டு அப்புறம் சேலைக்குப் போங்கள்.

குழந்தையை உட்கார வைத்ததும் இரு தொடைகளுக்கும் அடியில் கை கொடுத்து மெல்லத் தூக்கி, அவள் இடுப்பு உங்கள் பக்கம் மடங்கும்படி விடுங்கள். முழங்கால் புட்டத்தைவிட உயரமாக, முதுகு லேசாக வளைந்து, துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை இருக்க வேண்டும். அவள் நேராக விறைத்து நின்றால் பேனலுக்குள் உயரம் கூடிவிடும், நீங்கள் செய்த சுருட்டெல்லாம் வீண்.

தோள் வார் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால் முதுகில் குறுக்காகப் பெருக்கல் குறி போலப் போடுங்கள். குறுகிய தோளில் நேர் வார் வழுக்கி விழும். குறுக்கு வாருக்கு முதுகில் போகும் வழியும் நீளம், மிச்ச நீளத்தை அது சாப்பிட்டுவிடும். நேராகத்தான் போட முடியும் என்றால் இரண்டு வாரையும் முதுகில் இணைக்கும் மார்பு கிளிப்பைத் தோள்பட்டை எலும்பு மட்டத்துக்கு இறக்குங்கள். கை எட்டவில்லையா? வாரைத் தளர்த்திக் கழுத்தருகே ஏற்றிக் கிளிப்பை மாட்டி, பிறகு இரண்டு வாரையும் கீழே இழுத்துத் தோளில் பரப்பி இறுக்குங்கள். கிளிப் தானே இடத்துக்கு இறங்கும். பேனலின் மேல்முனையில் சின்ன நாடா இருக்கிறதா என்று பாருங்கள், நிறையப் பேர் கவனிப்பதில்லை. தலைப்பக்கத் தளர்வை அதுதான் எடுக்கும்.

சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க, குனியாமல் அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க முடிய வேண்டும். முகம் தெரிய வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும். முன்னால் லேசாகக் குனிந்தால் (ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான்) அவள் உங்களைவிட்டு விலகக் கூடாது.


ஊடும்_பாவும்:

கண்டாங்கியில் ரிங் ஸ்லிங் தாராளமாகத் தைக்கலாம். கெட்டிப் பருத்தி, வளையத்துக்குள் வழுக்காது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, அதைப் போய் வெட்டுவதா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள், அது வேறு விஷயம். ஆனால் பழைய சேலை வேண்டாம். பெட்டியில் கிடந்த ஆயா காலத்துச் சேலை மெத்தென்று இருக்கும், மடிப்பு விழுந்த இடத்தில் இழை அற்றிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெலிந்த இடம் தெரியும். ஜரிகை, பட்டு, செயற்கை நூல் கலந்தது எதுவும் ஆகாது.

புதுச் சேலையை வெந்நீரில் நாலு முறை அலசிக் கஞ்சி முழுக்கப் போன பிறகே வெட்டுங்கள். பருத்தி சுருங்கும், கஞ்சியோடு வளையத்தில் ஓடவும் ஓடாது. நீளம்: உங்கள் உயரத்துக்குத் தைத்து முடித்தபின் 1.75 மீட்டர் போதும், அதனால் 2.1 மீட்டர் வெட்டுங்கள். கடையில் விற்கும் நடுத்தர அளவு உங்களுக்கு முழங்காலுக்குக் கீழே வால் தொங்கும், படியேறும்போது காலில் மாட்டும். அகலம் 27, 28 அங்குலம். சேலை முழு அகலத்தில் தைத்தால் துணி மூட்டை மூட்டையாக வளையத்தில் அடைத்துக்கொண்டு இறுகவே இறுகாது. கண்டாங்கியின் அகலக் கரை உடம்புத் துணியைவிடத் தடிமனாக இருக்கும், ஒரு விளிம்பு ஓடி மறு விளிம்பு ஓடாது. இருபக்கக் கரையையும் எடுத்துவிட்டு நடுத்துணியை மட்டும் வெட்டி ஓரம் அடியுங்கள். முந்தானைப் பகுதியும் வேண்டாம். கரையைத் தூக்கிப் போடாதீர்கள், தலையணை உறைக்கு அழகாக இருக்கும்.

வளையம்தான் உயிர். ரிங் ஸ்லிங்குக்கென்றே செய்த, ஒட்டுப்போடாத அலுமினிய அல்லது நைலான் வளையம் இரண்டு, 3 அங்குல அளவில், இணையத்தில் வாங்குங்கள். இரும்புக்கடையில் கிடைக்கும் மாட்டுக் கயிற்று வளையம், திரைச்சீலை வளையம் எல்லாம் பற்றவைத்த மூட்டு உள்ளவை. மூட்டு விடலாம், விடாவிட்டாலும் அதன் பிசிறு துணியை அறுக்கும்.

தோள் பக்க முனையை விசிறி மடிப்பாக மடித்து இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, 8 அங்குலம் பின்னால் திருப்பி, பாலியெஸ்டர் நூலில் மூன்று வரிசை தையல், ஒவ்வொன்றும் அரை அங்குல இடைவெளியில். பருத்தி நூல் இங்கே கூடாது. மடிப்பை உங்கள் தோள் அகலத்துக்கு, சுமார் 4 அங்குலத்தில் முடியுங்கள். மடிக்காமல் விட்ட அகலத் தோள், சின்ன உடம்பில் கை மேல் சரிந்து கையைத் தூக்க விடாது.

கட்டும்போது வளையத்தைத் தோள் உச்சிக்கே ஏற்றித் தொடங்குங்கள், இறுக்க இறுக்க இறங்கிக் காறை எலும்புக்குக் கீழே வந்து நிற்கும். வாலை மொத்தமாகப் பிடித்து இழுக்காதீர்கள். மேல் விளிம்பு அவள் கழுத்தடி, கீழ் விளிம்பு முழங்கால் மடிப்பு. ஒவ்வொரு விளிம்பையும் தனித்தனியாக, மறு கையால் அவள் எடையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். விளிம்பு இறுகவில்லை என்றால் வளையத்துக்குள் துணி முறுக்கிக் கிடக்கிறது, விரித்துவிடுங்கள். உட்காரும் இடத்தில் துணியை அவள் தொடைக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவே நன்றாக இழுத்துவிட்டுப் பள்ளம் ஆக்காவிட்டால், கால் உதைத்ததும் அடியில் வழுக்கி வெளியே வருவாள்.

முதல் தடவை 7 கிலோ அரிசிப் பையை வைத்துக் கட்டி அரை மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு, தையலை நூல் நூலாகப் பாருங்கள்.


அசையும்_மூட்டு:

ரிங் ஸ்லிங்குக்கு நான் எதிரி இல்லை, ஆனால் எடை முழுக்க ஒரே தோளில். 6.7 கிலோவுக்குப் பரவாயில்லை, 9 கிலோ தாண்டியதும் சின்னத் தோளுக்கு நீண்ட நடையில் கழுத்து இழுக்கும். தூக்கும் பக்கத்தைத் தினம் மாற்றுங்கள், துணியைத் தோள் மூட்டு மேல் குவிக்காமல் முதுகில் தோள் எலும்பு முழுக்கப் பரப்புங்கள். வீட்டு வேலைக்கும் கடைத்தெருவுக்கும் ரிங் ஸ்லிங், ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் இரண்டு தோளிலும் ஏறுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

தையல் உள்ளே முழுக்க ஆறியதா என்பதை மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் கட்டும்போது வயிற்றில் கீழ்நோக்கிக் கனம் தள்ளுவது போல இருந்தாலோ, சிறுநீர் கசிந்தாலோ, அன்றைக்குக் கழற்றிவிட்டு இடுப்புத் தள இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தையை வெளிப்பக்கம் பார்க்க வைக்கச் சொல்லி உறவில் யாராவது ஆசைப்படுவார்கள். அப்படி வைத்தால் பல கேரியர்களில் கால் நேராகத் தொங்கும், எடை உங்களைவிட்டு இன்னும் விலகும், களைத்துத் தூங்கினால் தலைக்குத் தாங்கலே இருக்காது. வேடிக்கை பார்க்க வேண்டுமானால் இடுப்பில் வையுங்கள்.


காரைக்குடி_புதுஅம்மா:

ரொம்ப நன்றி. சுருட்டிக் கட்டியதும் பேனல் கழுத்தளவுக்கு வந்துவிட்டது. வாரைக் குறுக்காகவும் போட்டேன். இன்னும் லேசான தளர்வு இருக்கிறது. வாரின் பஞ்சு பக்கிளைத் தொட்டுவிடுகிறது, மேற்கொண்டு இழுக்க முடியவில்லை. டெய்லரிடம் கொடுத்து வாரைக் குறைக்கலாமா?


வளவு_வாசல்:

வேண்டவே வேண்டாம். அந்தத் தையல்தான் எடையைத் தாங்குகிறது, பிரித்துத் தைத்தால் பழைய பலம் திரும்பாது. பஞ்சு பக்கிளைத் தொட்டுவிட்டால் அதுதான் அந்தக் கேரியரின் கடைசி எல்லை, உங்கள் உடம்பு அதற்கும் கீழே இருக்கிறது.

வாங்கும்போது எல்லோரும் “எத்தனை கிலோ வரை” என்று பார்ப்பார்கள். நீங்கள் குறைந்தபட்ச அளவைப் பாருங்கள். பெல்ட் குறைந்தது எத்தனை அங்குலம் வரை இறுகும்? 24-க்குள் இருக்க வேண்டும். தோள் வாரில் பஞ்சு உள்ள பகுதி எவ்வளவு நீளம்? குட்டையாக இருந்தால் நல்லது. பேனலின் அகலம், உயரம் இரண்டையும் நாடாவால் குறைக்க முடிய வேண்டும். பெல்ட் 4 அங்குல அகலத்துக்குள், உள்ளே விறைத்த நுரைத் தகடு இல்லாமல். விலாவில் குத்துவது அந்தத் தகடுதான். வார் குறுக்காகப் போடக் கழன்று வர வேண்டும். லேபிளில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2236 (அமெரிக்கத் தர எண்) அல்லது இ.என். 13209-2 (ஐரோப்பியத் தர எண்) இருந்தால் பலம் சோதித்த பொருள். நம் நாட்டில் சோல், அன்மோல் இரண்டும் பருத்தித் துணியில் பக்கிள் கேரியரும் ரிங் ஸ்லிங்கும் செய்கிறார்கள், அளவுக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

முன்னால் பலகை மாதிரி இருக்கை வைத்த ஹிப் சீட் பக்கமே போகாதீர்கள். குட்டை உடம்பில் அந்த இருக்கை தொடையிலும் விலாவிலும் ஒரே நேரத்தில் இடிக்கும், நீங்கள் உட்காரவே முடியாது.

தானாக உட்கார ஆரம்பித்ததும் ஒன்புஹிமோ பாருங்கள். ஜப்பானிய வகை, இடுப்பு பெல்ட்டே கிடையாது, முதுகில் உயரமாக ஏற்றிக்கொள்வது. தையல் தொல்லையும் இல்லை, முன்னால் கால் வைக்கும் இடமும் தெரியும். எடை தோளில் மட்டும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.


தேவகோட்டை_ஆச்சி:

ஆத்தா, எல்லாரும் நல்லாத்தான் சொல்லியிருக்காக. நம்ம ஊருக்கு மட்டும் நாலு விசயம்.

ஸ்கூட்டியில கேரியர் கட்டிக்கிட்டு ஏறவே கூடாது. விழுந்தா உன் எடையும் சேந்து பிள்ளை மேலதான். பக்கத்துத் தெருன்னாலும் வேண்டாம்.

பிள்ளையை முன்னால கட்டிக்கிட்டுத் தாளிக்காதே, பணியாரச் சட்டி பக்கம் நிக்காதே. எண்ணெய் தெறிக்கிற உயரத்துலதான் அதோட கால் தொங்கும்.

சித்திரை வைகாசில காலை 9 மணிக்குள்ள இல்லைன்னா சாயங்காலம் 5 மணிக்கு மேல. பிள்ளைக்கு ஒரே ஒரு மெல்லிசு ஜுப்பா போதும், கேரியர் துணியே இன்னொரு சட்டை கணக்கு. உனக்கும் அதுக்கும் நடுவுல பழைய வேட்டித் துணி ஒரு துண்டு வை, வேர்வையை உறிஞ்சும், வேர்க்குரு வராது. அரை மணிக்கு ஒருதரம் பிடரியைத் தொட்டுப் பாரு. சூடா ஈரமா இருந்தா வெளிய எடுத்துக் காத்தாட விடு. ஆறு மாசம் ஆகலை, தண்ணி குடுக்காதே, தாய்ப்பாலையே அடிக்கடி குடு. பால் குடிக்கிறப்போ ஸ்லிங்கைத் தளத்துனா, குடிச்சு முடிச்சதும் திரும்ப ஏத்தி இறுக்கிரணும்.

குன்றக்குடிப் படியில முன்னால கட்டினா உன் காலு உனக்குத் தெரியாது, குள்ளமா இருக்கறவுகளுக்கு இன்னும் மோசம். ரிங் ஸ்லிங்குல இடுப்புப் பக்கமா வச்சுக்க, மறு கையால சுவத்தையோ கம்பியையோ பிடிச்சுக்க, வால் துணியைச் சுத்திச் செருகிக்க. இறங்குறப்போ உன் வீட்டுக்காரவுகளை ஒரு படி முன்னால நடக்கச் சொல்லு. வீட்டுலயும் ஆத்தங்குடிக் கல்லு ஈரமா இருந்தா வழுக்கும், கழுவிவிட்ட வளவுல பிள்ளையோட நடக்காதே.