ஒலிமுந்தியா, மீயொலி விமானமா? (இழை: கலைச்சொல் உதவி, அவசரம்)

காரைக்குடி:
வணக்கம். ஒலியைவிட வேகமாகப் பறந்த இரண்டு பயணிகள் விமானங்கள், பிரிட்டன்-பிரான்ஸ் கூட்டாகச் செய்த கான்கார்டும் சோவியத்தின் டூபலேவ் 144-உம். இரண்டையும் அட்டையில் செய்து பள்ளிக் கண்காட்சிக்கு வைக்கிறேன். விளக்க அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், 'சூப்பர்சானிக் பயணிகள் விமானம்' என்பதற்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற சொல் வேண்டும். பெரியப்பச்சி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு படத்தில் பிடித்த பைத்தியம் இது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம், மறுபக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், பஹ்ரைன் வழியாக லண்டனுக்குப் பறந்த கான்கார்டு. அந்தச் சேவை 1980-இலேயே நின்றுபோனது. 'மீயொலி விமானம்' என்று எழுதிப் பார்த்தேன். "ஸ்கேன் எடுக்கிற விமானமா அப்பச்சி?" என்கிறாள் மகள்.

தேவகோட்டை:
பிள்ளை கேட்டது சரிதான் அண்ணே. மீ என்றால் மேல், 'மீமிசை ஞாயிறு' நினைவிருக்கும். மீயொலி என்பது ஸ்கேனுக்குப் பயன்படும், காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி, அது ஒலிக்குப் பெயர், வேகத்துக்கு அல்ல. விமானம் ஒலியை முந்துகிறது, ஆகவே மண்ணை வெட்டுவது மண்வெட்டி என்கிற மாதிரி, ஒலியை முந்துவது 'ஒலிமுந்தி'. (கப்பலோட்டியைக் குறிக்கும் மீகாமனில் இருக்கும் மீயும் இதே மீதான் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். ரங்கூனுக்குக் கப்பலேறிய நம் ஆட்கள் விமானிக்கும் அந்தச் சொல்லையே வைத்திருக்கலாம்.)

கானாடுகாத்தான்:
தம்பி, இங்கே முந்தி என்றால் கண்டாங்கிச் சேலை முந்திதான். ஒலிமுந்தி என்றால் சரசரக்கிற முந்தி என்று நினைத்துப் பிள்ளைகள் சிரிக்கும். சூப்பர்சானிக் என்றே போடுங்கள், பஸ்ஸைப் பஸ் என்று சொல்லி யார் கெட்டுப்போனார்கள்?

பள்ளத்தூர்:
மன்னிக்கணும் ஆச்சி, பேருந்து என்றபோதும் சிரித்தார்கள், இப்போது செய்தியில் அதுதான் வருகிறது. நான் 'விஞ்சொலி வானூர்தி' என்பேன். விமானம் கருவறைக்கு மேல் இருப்பது, அதை ஏன் பறக்க விடுகிறீர்கள்?

தேவகோட்டை:
ஐயா, விஞ்சொலி வினைத்தொகை. விஞ்சுகின்ற ஒலி என்றுதான் விரியும், மறுபடி ஒலிதான் விஞ்சுகிறது, விமானம் கீழேயே நிற்கிறது. முந்துவது என்றதும் ஞாபகம் வருகிறது, டூபலேவ் 1968 டிசம்பர் 31-இல் முதலில் பறந்து, 1969 மார்ச் 2-இல் பறந்த கான்கார்டை இரண்டு மாதம் முந்திவிட்டது. அப்புறம் பயணிகளை ஏற்றி 55 தடவைதான் பறந்தது, பாவம்.

காரைக்குடி:
அச்சகத்தில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். தனிமடலில் மூன்று பேர் 'ஒலிமுந்து விமானம்' என்கிறார்கள், முந்து என்று நின்றால் சேலை ஞாபகம் வராதாம். சரி, அதையே போடுகிறேன், கீழே சின்ன எழுத்தில் சூப்பர்சானிக் இருக்கும். ஆச்சி திருப்திதானே? மற்றபடி 'ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம், மணிக்குச் சுமார் 2,180 கி.மீ., பறக்கையில் உடல் சூடேறி ஏறக்குறைய ஒரு சாண் நீளும்' என்று எழுதியாயிற்று. சாணைப் பற்றி யாரும் மடல் போட வேண்டாம்.

பள்ளத்தூர்:
சாண் நல்ல தமிழ். விமானத்தைப் பற்றித்தான் நாளை எழுதுகிறேன்.