வெளிநாட்டில் வாரக்கணக்கில் ஓட்டக் கார் எடுத்தவர்களே, சாவி வாங்கும்போது என்ன நடந்தது?

மைல்கல்:

லிஸ்பன் விமான நிலையம், நள்ளிரவு நெருங்கிவிட்டது, பின்னால் நீண்ட வரிசை. போர்ச்சுகலில் கிளம்பி ஸ்பெயின் வழியாகத் தெற்கு பிரான்ஸ் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். வாடகையை முன்பே கட்டியாயிற்று. முன்பதிவு செய்த தளத்திலேயே 'முழுக் காப்பீடு' என்று ஒன்றையும் வாங்கியிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் அந்தத் தாளைப் படிக்கக்கூட இல்லை. ஒரே விரலால் என் பக்கமே தள்ளினார். "இது எங்களுடையது இல்லை. எங்கள் காப்பீட்டை நாள் கணக்கில் எடுங்கள், இல்லையென்றால் கார்டில் 1,800 யூரோ பிடித்து வைப்போம்."

அவ்வளவு பணம் முடங்கினால் பயணம் முழுக்க ஹோட்டலுக்கு எதை நீட்டுவது? மனைவியின் கார்டில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஓட்டுபவர் பெயரில் இருந்தால்தான் செல்லுமாம். கடைசியில் வாடகையை விட அதிகமாகக் கொடுத்து அவர்கள் காப்பீட்டை வாங்கினேன். கையெழுத்துப் போட்டதும் அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

சிவப்புப்பலகை:

இந்தக் கவுன்டர் தொல்லையே வேண்டாம் என்றுதான் நான் பிரான்ஸில் லீசுக்குப் போனேன். ரெனோ, பெஜோ மாதிரி கம்பெனிகள் தருவது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு மட்டும். குறைந்தது மூன்று வாரம் எடுக்க வேண்டும், அதிகபட்சம் ஆறு மாதத்தை ஒட்டி வரும். புத்தம் புதுக் கார், பதிவுப் புத்தகத்தில் நம் பெயர், சிவப்பு நிற நம்பர் பிளேட். காப்பீடு உள்ளேயே வந்துவிடும், சேதமானால் நம் பங்கு என்று எதுவும் கிடையாது. கார்டில் பிடித்து வைப்பதும் இல்லை.

எல்லாம் சரி. ஆனால் பாரிஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாவியை வாங்கி வெளியே திருப்புகிறேன், பெட்ரோல் விளக்கு எரிகிறது! கிட்டத்தட்டக் காலி டேங்க். புது ஊர், புது வண்டி, வலப்பக்க ஓட்டம், சுற்றிலும் லாரிகள். நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் அடுத்த பங்க் எங்கே என்று யாருக்குத் தெரியும்? காரில் 6 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட உரிக்கவில்லை, அதற்குள் தள்ளும்படி ஆகிவிடுமோ என்று வியர்த்துவிட்டது. அப்புறம் ஸ்லோவேனியா வரை ஒரு குறையும் இல்லை.

வடக்குநோக்கி:

ஐஸ்லாந்து. ரெய்னிஸ்பியாரா கடற்கரை, வண்டி நிறுத்துமிடம். நண்பன் கதவைத் திறந்தான். அவன் திறந்தது ஒரு சாண், மீதியைக் காற்று திறந்தது. கீல் பின்னுக்கு மடங்கி, கதவின் முனை முன்பக்கத் தகட்டில் போய் இடித்தது. அந்தச் சத்தத்தைவிட அதற்குப் பிறகு அவன் முகம்தான் எனக்கு மறக்கவில்லை. கதவு மூடவே இல்லை. துணி காயப்போட வைத்திருந்த கயிற்றால் கட்டிக்கொண்டு, ஊளையிடும் காற்றோடு ரேய்க்யவிக் வரை ஓட்டினோம்.

கார் எடுக்கும்போது சரளைக்கல்லுக்கு ஒரு காப்பீடு, மணல் சாம்பலுக்கு இன்னொன்று என்று கேட்டதையெல்லாம் வாங்கியிருந்தோம். எல்லாவற்றிலும் பொடி எழுத்தில் ஒரே வரி: காற்றால் கதவுக்கு வரும் சேதம் சேராது. ஆறு கடக்கும்போது எஞ்சினில் தண்ணீர் புகுந்தாலும் சேராது. அந்த நாட்டில் காருக்கு வேறு எதுதான் ஆகப்போகிறது?

சும்மாஓட்டி:

நான் நியூசிலாந்தில் வாங்கி, சுற்றிவிட்டு விற்றேன். ஆக்லாந்தில் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன், கிறைஸ்ட்சர்ச்சில் விற்பனை. கோடை முடிந்ததும் ஊரில் இருக்கிற சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக விற்பார்கள், அதனால் பாதி விலைதான் கிடைத்தது. அவ்வளவுதான் கதை.

மைல்கல், கவுன்டர்காரர் உங்களிடம் பொய் சொல்லவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இடைத்தரகர் தளம் விற்பது வேறு வகைக் காப்பீடு. சேதமானால் முதலில் நீங்கள் வாடகைக் கம்பெனிக்குக் கட்டுவீர்கள், பிறகு அவர்கள் உங்களுக்குத் திருப்பித் தருவார்கள். வாடகைக் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆகவே பணம் பிடிப்பது பிடிப்பதுதான். இரண்டாவது, சர்வதேச ஓட்டுநர் அனுமதி. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரும் அனுமதிப் புத்தகம் வேறு, 1968 வியன்னா ஒப்பந்தப்படி தருவது வேறு. ஜப்பானில் 1949 புத்தகம் மட்டும்தான் எடுபடும். மூன்றாவது, சாவி வாங்கியதும் வீடியோ எடுங்கள். கூரை, சக்கர விளிம்பு, முன் கண்ணாடி, பெட்ரோல் முள், ஒன்றையும் விடாதீர்கள். நான்காவது, இத்தாலியில் பழைய நகர்ப்பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா பிடிக்கும். அபராதம் மாதங்கள் கழித்து வரும், உங்கள் விலாசத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கு வாடகைக் கம்பெனி தனியாக ஒரு தொகை எடுக்கும். சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக் கட்டண வில்லை 40 ஃபிராங்க், ஆண்டுக்கு ஒன்றாகத்தான் விற்கிறார்கள், ஒரு மணி நேரம் கடந்துபோனாலும் அதே விலை. நியூசிலாந்து போகிறவர்கள் டீசல் வண்டியைத் தொடாதீர்கள், ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் சாலைக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். பழைய வண்டி வாங்கினால், அது ஓடத் தகுதியானது என்ற சான்று ஒரு மாதத்துக்குள் எடுத்ததா என்று பாருங்கள். காப்பீடு அங்கே கட்டாயமில்லை, அரசே பார்த்துக்கொள்ளும், அதற்கு வீணாகச் செலவழிக்காதீர்கள்.

மைல்கல்:

சகோ, நான் கேட்டது அனுபவம். பொய் சொன்னார் என்றும் நான் எழுதவில்லை. தாளைத் தள்ளிய விதத்தைத்தான் சொன்னேன்.

ஓரப்பாதை:

சும்மாஓட்டியின் கடைசி வரியை யாரும் நம்பிவிடாதீர்கள், ஆபத்தான பேச்சு. நியூசிலாந்தில் அரசுத் திட்டம் பார்த்துக்கொள்வது உடல் காயத்தை மட்டும். எதிரே வருகிற வண்டியை நீங்கள் நசுக்கினால் அதற்கு உங்கள் பைதான். குயின்ஸ்டவுன் பக்கம் ஒரு விடுதியில் என்னோடு தங்கியிருந்த பையன் இப்படித்தான் காப்பீடில்லாமல் ஒரு விலையுயர்ந்த வண்டியின் பின்னால் போய் முட்டினான். மாலை முழுக்க, சமையலறை மேசையில் தன் காரை விற்கிற விளம்பரத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தான். அந்தக் காரை விற்றாலும் கடன் தீராது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் நபர் காப்பீடாவது எடுங்கள்.

செம்மண்:

நமீபியாவில் எடுத்தோம். விண்ட்ஹுக்கில் ஹைலக்ஸ் பிக்கப், மேலே கூடாரம், இரண்டு ஸ்டெப்னி. ஒப்படைக்கும்போது டயரில் எந்தச் சாலைக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று பொறுமையாக வகுப்பே எடுத்தார்கள், நல்ல மனிதர்கள். போட்ஸ்வானாவுக்குள் போக வாடகைக் கம்பெனியின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதையும் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

எல்லையில் மமுனோ சாவடி. ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்த அதிகாரி அம்மா கடிதத்தின் மேல் ஓர் அடிக்கோலை வைத்தார். ஜன்னல் வழியாக வண்டியின் நம்பரைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். கடிதத்தில் இருந்த பதிவு எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. ஒப்பந்தத் தாளில் சரியாகத்தான் இருந்தது. அதைக் காட்டினேன், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், அடிக்கோலை எடுக்கவில்லை. கம்பெனியின் அவசர எண்ணுக்குப் போட்டால் திருத்திய கடிதம் அலைபேசிக்கு வந்துவிட்டது. "இது படம். எனக்குத் தாள் வேண்டும்." அவர் மேல் கோபமே வரவில்லை, நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கோபாபிஸ் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வந்து, திங்கள் காலை பிரிண்ட் போடும் கடை திறக்கும் வரை கூடாரத்தில் காத்திருந்தோம்.

வண்டியை ஒப்படைக்கும்போது பழைய கடிதத்தைக் காட்டினேன். "ஓ, டைப்பிங்" என்றார்கள். பில்லில் இரண்டாவது கடிதத்துக்கும் கட்டணம் போட்டிருந்தார்கள்.