புக்னேரா, விகிள்ஸ்வொர்த்தியா: உண்மை உறவா, நீள்கிளை ஈர்ப்பா?

வணக்கம். அசுவினிக்குள் வாழும் புக்னேரா, செட்சி ஈக்குள் வாழும் விகிள்ஸ்வொர்த்தியா ஆகிய உள்வாழ்வி பாக்டீரியாக்களோடு ஈ. கோலை முதலிய தனித்து வாழும் இனங்களையும் சேர்த்து, முழு மரபணுத் தொகுதிகளிலிருந்து ஆர்த்தோஃபைண்டர் மென்பொருள் வழியே எடுத்த ஒற்றைப் பிரதிப் புரதங்களை (ஒவ்வொரு இனத்திலும் ஒரே பிரதியாக உள்ளவை) மாஃப்டில் வரிசைப்படுத்தி இணைத்து, ஐக்யூ-ட்ரீயில் பரிணாம மரம் வரைந்தேன். புரதத்தின் எல்லா இடங்களுக்கும் ஒரே அமினோ அமில விகிதத்தைக் கொள்ளும் எல்ஜி மாதிரியில் உள்வாழ்விகள் இரண்டும் 100 பூட்ஸ்ட்ராப்புடன் (கிளைக்கான ஆதரவைக் காட்டும் சதவீதம்) ஒரே கிளையில் அமர்கின்றன. அந்த விகிதம் இடத்துக்கு இடம் மாறுவதை ஏற்கும் சி60 கலவை மாதிரிக்கு மாறியதும் பிரிந்துவிடுகின்றன.

புக்னேராவின் ஜிசி அளவு (டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகளின் பங்கு) ஏறத்தாழ 26 சதவீதமே என்பதால், அதன் வரிகளில் லைசினும் ஐசோலூசினும் அஸ்பராஜினும் மண்டிக் கிடப்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆகவே அந்த 100-ஐ நான் நம்பவில்லை; நீண்ட கிளைகள் நெருங்கிய உறவின்றியே மரத்தில் ஒன்றுசேர்ந்துவிடும் நீள்கிளை ஈர்ப்பாக இருக்கலாம். டேஹாஃப் முறைப்படி ஒத்த அமினோ அமிலங்களைச் சேர்த்து ஆறு வகைகளாகச் சுருக்குவது இதற்குப் போதுமா, அல்லது இந்த அமினோ அமிலச் சாய்வு மிகுந்த புரதங்களை முன்பே நீக்கிவிட வேண்டுமா? (சி60-க்கே என் 16 ஜிபி கணினி திணறுகிறது.) இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.