பினாங்கில் ஒரு சனி, ஞாயிறு: பார்க்கவும் சாப்பிடவும்

கடாரத்தான்:
மலேசியாவில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனுக்கு இரண்டு நாளில் வந்து போகிறவர்கள் பார்க்கும் இடங்களை மட்டும் வரிசைப்படுத்திக்கொண்டு, சாப்பாட்டைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த ஊரில் அது சரிப்படாது. காலைக் கடையில் பதினொரு மணிக்கு மேல் பாதி தீர்ந்திருக்கும். மாலைக் கடை ஆறு மணிக்கு முன் அடுப்பே மூட்டாது. எனவே முதலில் கடைகளின் நேரம், அதற்கு நடுவில் இடங்கள் என்று திட்டம் போடுங்கள்.

சனி காலை எட்டு மணிக்குள் ஆர்மேனியன் தெரு. 2012-இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியம் அங்கேதான். பத்து மணிக்கு மேல் படம் எடுக்க வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கிருந்து நடந்தால் சியூ படகுத்துறை. கடலில் கால் நட்டுக் கட்டிய மர வீடுகளில் குடும்பங்கள் இன்றும் வசிக்கின்றன. பலகை நடைபாதையோடு நில்லுங்கள், வாசலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். பிறகு கூ கொங்சி, கூ குலத்துச் சீனர்களின் குலமன்றம். அதன் கூரைச் சிற்பங்களுக்கே ஒரு மணி நேரம் வேண்டும்.

காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவை ஒட்டி 1818-இன் புனித ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், பள்ளிவாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. மகாமாரியம்மன் கோயில் பக்கத்துக் குயின் தெருவில். கோயில் நடுப்பகலில் நடைசாத்தும், முற்பகலிலேயே போய்விடுங்கள். சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்காவையும் விட்டுவிட வேண்டாம். நாகூர் ஆண்டவர் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது.

ஒரு எச்சரிக்கை: கடை முகப்பு நெடுக ஓடும் ஐந்தடி நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கும், தரை மட்டமும் கடைக்குக் கடை மாறும். அடிக்கடி சாலையில் இறங்க வேண்டிவரும். ஓரத்துச் சாக்கடை ஆழமானது, சில இடங்களில் மூடி இல்லை. குழந்தை வண்டி உதவாது.

குவாலிக்காரர்:
நாசி கண்டார், அதாவது சோற்றோடு பல கறி, குழம்பு ஊற்றித் தரும் சாப்பாடு. அந்தக் கடைக்காரர்கள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள், தமிழிலேயே கேளுங்கள். சோறு, ஒரு கறி, ஒரு காய் போதும். குழம்பைத் தனியாகக் கேட்காமல் 'கலந்து ஊத்துங்க' என்றால் கோழி, மீன், பருப்பு மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி விழும். சுவையே அந்தக் கலவையில்தான். பெரிய இறால், கணவாய், மீன்முட்டை இவற்றுக்குப் பல கடைகளில் விலைப்பலகை இருக்காது. தட்டில் விழும் முன் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கேட்டுவிடுங்கள். பொரித்த பலகாரங்களை வெட்டிக் காய்கறியோடு கலந்து குழம்பு ஊற்றும் பசம்பூரும் அப்படித்தான். பலகாரத்தைத் துண்டுக் கணக்கில் விலை போடுவார்கள், நாலு பேர் ஆளுக்கு ரெண்டு எடுத்தால் தொகை ஏறிவிடும்.

சார் குவே தியாவுக்கு, அதாவது வறுத்த பட்டை அரிசி நூடுல்சுக்கு, காத்திருக்க வேண்டும். ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டு அளவுதான் குவாலியில் (வறுக்கும் இரும்புச் சட்டியில்) போடுவார்கள். அதற்கு மேல் போட்டால் சூடு இறங்கி, அரிசிப்பட்டை வறுபடாமல் வெந்து ஒட்டிக்கொள்ளும், புகைமணமும் வராது. அவசரப்படுத்தாதீர்கள். பல சீனக் கடைகளில் பன்றிக்கொழுப்பில் வறுப்பார்கள், தவிர்ப்பவர்கள் ஹலால் கடை தேடுங்கள். கெராங் சிப்பியைக் கடைசியில் போட்டு அரைவேக்காட்டில் எடுப்பார்கள். ஒத்துக்கொள்ளாத வயிறென்றால் 'தக் நாக் கெராங்' (கெராங் வேண்டாம்) என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அசாம் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் தேங்காய்ப்பால் கிடையாது. கானாங்கெளுத்தி உதிர்த்த புளிக்குழம்பு. கடைக்காரர் கையைக் கவனியுங்கள்: கிண்ணத்து நூடுல்சில் கொதிக்கும் குழம்பை ஊற்றி, மறுபடி பானையிலேயே வடித்து, திரும்ப ஊற்றுவார். நூடுல்ஸ் உள்வரை சூடேற இரண்டு மூன்று முறையாவது அப்படிச் செய்ய வேண்டும். அதன்பின் வெள்ளரி, வெங்காயம், அன்னாசி, புதினா, புங்கா கந்தான் (ஒருவகை இஞ்சிப்பூ) மொட்டு. கூடவே கரண்டியில் வரும் கறுப்புக் கூழ் ஹே கோ, இறால் விழுது. மொத்தத்தையும் கலக்காதீர்கள், குழம்பு இனித்துப்போகும். முதலில் பாதி போதும்.

இன்னொன்று: காப்பிக்கடையில் சாப்பாட்டு வண்டி வேறு, பானம் விற்பவர் வேறு. இடம் பிடித்து, வண்டியில் மேசை எண்ணைச் சொல்லிவிட்டு வாருங்கள். தட்டு வந்ததும் ரொக்கம் கொடுங்கள். பானம் ஒன்றாவது வாங்குவது வழக்கம், மேசை அவருடையது.

சைவப்பிரியை:
சைவர்களுக்கு ஒரு வார்த்தை. 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது. கங்குங் கீரை வதக்கலிலேயே பெலாச்சான் சேரும், அது இறால் விழுது. 'தக் நாக் பெலாச்சான், தக் நாக் தெலுர்' என்று இரண்டையும் சொல்லுங்கள், தெலுர் முட்டை. கவலையில்லாமல் சாப்பிட லிட்டில் இந்தியாவின் சைவக் கடைகள், இல்லாவிட்டால் சீனச் சைவக் கடைகள். சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் என்பதால் அன்று வகைகள் கூடும். சீனச் சைவத்தில் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது, சில கடைகளில் முட்டை உண்டு. செண்டோல் என்ற ஐஸ் இனிப்பில் பயமில்லை: பச்சை மாவு இழை, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்பு அவரை. பிற்பகலில் பினாங்கு சாலை முனையில் நின்றபடியே, ஐஸ் கரைவதற்குள் குடியுங்கள்.

கடாரத்தான்:
ஞாயிற்றுக்கிழமையை ஆயர் ஈத்தாம் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரத்திலிருந்து 204 பேருந்து கொடிமலை (பினாங்கு ஹில்) அடிவாரம்வரை போகும். மீதிச் சில்லறை தரமாட்டார்கள், சரியான தொகை கையில் வேண்டும். மலை ரயில் ஓடத் தொடங்கும் காலை நேரத்திலேயே ஏறுங்கள். வார இறுதியில் ஒன்பதரைக்கு மேல் ஏறவும் வரிசை, பொழுது சாயும்போது இறங்கவும் வரிசை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கின்றன. மழை மேகம் இறங்கினால் கீழே நகரம் தெரியாது, எனவே ஏறும் முன் அண்ணாந்து பாருங்கள். மலை மூடியிருந்தால் கெக் லோக் சி பௌத்தக் கோயிலை முதலில் முடித்துவிடலாம்.

கெக் லோக் சி கோபுரம் அடியில் சீனப் பாணி, நடுவில் தாய்லாந்து, உச்சியில் பர்மா. மேலே 30.2 மீட்டர் வெண்கலக் குவான் யின் சிலை, அங்கே போகச் சாய்வு லிப்ட் உண்டு. படிகள் கடைகளுக்கு நடுவே போவதால் வெயில் தெரியாது. இறங்கியதும் ஆயர் ஈத்தாம் சந்தைப் பகுதியில் லக்சா.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகில் வாருங்கள். நிலையத்திலிருந்து நடந்தே துறைக்குப் போய்விடலாம். டாக்சியில் பாலம் சுற்றி வருவதற்குக் காசும் அதிகம், சனிக்கிழமை நெரிசலில் நேரமும் அதிகம்.