எஸ்ஏடி மதிப்பெண்ணைத் தவறாகப் பதிந்து விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது: எப்படித் திருத்துவது?

கேள்வி (மாணவியின் தந்தை, மதுரை):

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் காமன் ஆப் (ஒரே படிவத்தில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் இணையதளம்) வழியாக விண்ணப்பித்து வரும் என் மகள், அக்கல்லூரிகள் சேர்க்கைக்குப் பார்க்கும் எஸ்ஏடி தேர்வை இரண்டு முறை எழுதினாள். மார்ச்சில் கணிதத்தில் 760, ஆகஸ்டில் வாசிப்பு, எழுத்துப் பகுதியில் 720 என்பவையே அவளுடைய உயர்ந்த மதிப்பெண்கள். நேற்றிரவு விண்ணப்பப் பிரதியை அச்செடுத்து, மதிப்பெண் அறிக்கையை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துச் சரிபார்த்தபோது, கணிதத்துக்கு எதிரே 790 என்றிருந்தது. கூட்டினால் 1480 வர வேண்டிய இடத்தில் 1510 வருகிறது. ஐந்து கல்லூரிகளில் மூன்றுக்கு விண்ணப்பம் போய்விட்டது. நாமாகச் சொன்னால் ஏமாற்றப் பார்த்ததாக நினைத்துவிடுவார்களோ என்று அவள் அழுகிறாள். பேசாமல் இருந்துவிடலாமா?

பதில் 1:

எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து அதிகாரபூர்வ மதிப்பெண் அறிக்கையைக் கல்லூரிகளுக்கு அனுப்பச் செய்யுங்கள், ஐயா. சரியான எண்ணை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பதில் 2 (வெளிநாட்டு விண்ணப்பங்களில் மாணவர்களுக்கு உதவும் ஆசிரியை):

மேலே உள்ள யோசனையை நான் ஏற்கமாட்டேன். அறிக்கை மட்டும் போனால், ஒரே கோப்பில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு எண்கள் விளக்கமின்றிக் கிடக்கும். பேசாமல் இருப்பது அதைவிட மோசம். மாணவர் தாமே பதியும் மதிப்பெண்ணைக் கொண்டு முடிவெடுக்கும் பல கல்லூரிகள், சேர உறுதி செய்தவர்களிடம் மட்டுமே அதிகாரபூர்வ அறிக்கையைக் கேட்கும். அப்போது வேறுபாடு வெளிப்பட்டால், கிடைத்த இடத்தையே ரத்து செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அனுப்பிய விண்ணப்பத்தைக் காமன் ஆப்பில் மாற்ற முடியாது; ஆனால் தேர்வுப் பகுதியில் இப்போதே திருத்தினால், மீதமுள்ள இரண்டு கல்லூரிகளுக்குச் சரியான எண் போகும். அதை முதலில் செய்யுங்கள். மற்ற மூன்றுக்கும் உங்கள் மகளே, தன் மின்னஞ்சலிலிருந்து, தனித்தனியாக எழுதட்டும். தந்தை எழுதுவதை அவர்கள் விரும்புவதில்லை. கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, காமன் ஆப் எண் ஆகியவற்றுக்குப் பின், "மார்ச் தேர்வின் கணித மதிப்பெண்ணை 790 என்று தவறாகப் பதிந்துவிட்டேன், சரியான மதிப்பெண் 760, அறிக்கையின் பிரதியை இணைத்துள்ளேன்" என்று ஆங்கிலத்தில் எழுதினால் போதும். காய்ச்சல், மின்வெட்டு என்று கதை சொல்ல வேண்டாம். பள்ளி ஆலோசகருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சேர்க்கை அலுவலகங்களுக்குத் திருத்தம் புதிதல்ல. 2005 அக்டோபர் எஸ்ஏடி தேர்வில், ஈரப்பதத்தால் விடைத்தாள்கள் உப்பியதால் ஸ்கேன் செய்வதில் பிழை ஏற்பட்டு, 4,000க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மதிப்பெண் குறைத்து அனுப்பப்பட்டது. அது 2006 மார்ச்சில், சேர்க்கை முடிவுகள் வெளிவரும் வேளையில்தான் அறிவிக்கப்பட்டது. கல்லூரிகள் அந்த விண்ணப்பங்களை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி, அம்மா. மூன்றுக்கும் எழுதிவிட்டாள். இன்னொரு சந்தேகம். அவற்றுள் ஒரு கல்லூரிக்கு அதிகாரபூர்வ அறிக்கையை அனுப்பி மூன்று வாரம் ஆகியும், அதன் விண்ணப்பதாரர் பக்கத்தில் "மதிப்பெண் வரவில்லை" என்றே காட்டுகிறது.

பதில் 3 (மகனுக்காக இதே பாடுபட்டவர்):

பெயரைப் பாருங்கள், ஐயா. நம் ஊரில் இது எப்போதும் வரும் தலைவலி. என் மகன் காலேஜ் போர்டு கணக்கில் குடும்பப்பெயர் கட்டத்தில் தலைப்பெழுத்தை மட்டும் போட்டிருந்தான். கடவுச்சீட்டிலும் விண்ணப்பத்திலும் என் முழுப்பெயர் குடும்பப்பெயராக இருந்தது. அறிக்கை கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தும், கணினியால் இரண்டையும் ஒருவருடையது என்று பொருத்த முடியவில்லை. இரண்டு வடிவங்களையும் பிறந்த தேதியையும் குறிப்பிட்டு, கடவுச்சீட்டின் பிரதியுடன் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிய பிறகே சரியானது. மறுபடி பணம் கட்டி அறிக்கை அனுப்புவது வீண். அதுவும் அதே பெயரில்தான் போகும். நான் அப்படி ஒரு முறை பணம் கட்டி ஏமாந்தேன்.

கேள்வி கேட்டவர்:

நீங்கள் சொன்னதேதான். மகளின் கணக்கில் "எஸ்" என்ற ஒற்றை எழுத்துதான் குடும்பப்பெயராக இருக்கிறது. இன்றே எழுதச் சொல்கிறேன். மதிப்பெண் திருத்தத்துக்கு இரண்டு கல்லூரிகள், கோப்பில் சேர்த்துவிட்டோம், தெரிவித்ததற்கு நன்றி என்று இரண்டே வரியில் பதில் அனுப்பியுள்ளன. மூன்றாவதிடமிருந்து தானியங்கிப் பதில் மட்டுமே வந்திருக்கிறது. ஒரு வாரம் பார்த்துவிட்டு மறுபடி எழுதுவாள்.